இன்ஜினைக் காப்பாற்ற பிரேக்கை எரிக்கிறோம்

சேலம், நாமக்கல் பக்கம் கார் வைத்திருப்பவர்களிடம் பிரேக் பேட் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "பேட் என்னங்க, ரெண்டாயிரம் மூவாயிரத்துல முடிஞ்சு போயிரும். கிளட்ச் போச்சுன்னா தெரியும் சேதி. இறக்கத்துல இன்ஜினைப் போட்டு இழுக்காதீங்க, பிரேக்குலயே புடிச்சுக்கிட்டு வாங்க." பக்கத்தில் இருப்பவர் ஒரு படி மேலே போவார். "நியூட்ரல்ல விட்டுட்டு பிரேக்கை லேசாத் தொட்டுக்கிட்டே வந்தா ஏற்காட்டுல இருந்து அடிவாரம் வரைக்கும் பெட்ரோல் செலவே இல்லீங்க." இப்படிச் சொல்பவர்களே கொஞ்ச நேரம் கழித்து, "பேட் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேயுது? எந்தக் கம்பெனி பேட் நல்லா உழைக்கும்?" என்றும் கேட்பார்கள்.

பேட் தேய்வதற்கான காரணத்தைத் தங்கள் வாயாலேயே சொல்லிவிட்டு, அதற்கான மருந்தை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் தேடுகிறார்கள். இந்த எண்ணம் முழுக்கத் தவறு. பேட் மலிவு என்பதால் அதை எரிக்கலாம் என்பது தவறு, கியரில் இறங்கினால் கிளட்ச் போகும் என்பது தவறு, நியூட்ரலில் எரிபொருள் மிச்சம் என்பது இன்றைய கார்களைப் பொறுத்தவரை தவறு. பணக்கணக்கு மட்டும் என்றால் அவரவர் பர்ஸ் என்று விட்டுவிடலாம். ஆனால் ஏற்காடு சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் குழந்தை குட்டிகளோடு இறங்குகிறவர்கள் இந்த யோசனையைக் கேட்டுத்தான் ஓட்டுகிறார்கள். அதனால் விட முடியாது.

முதலில் பிரேக் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். பிரேக் வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றுகிறது, அவ்வளவுதான். ஐந்து பேரும் பைகளுமாக ஒரு சின்னக் கார் 1,300 கிலோ இருக்கும். அது ஏற்காட்டிலிருந்தோ கொல்லிமலையிலிருந்தோ அடிவாரத்துக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த எடையை அந்த உயரத்திலிருந்து இறக்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் மூன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். உருளும் டயரும் காற்றும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை யாராவது வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்குவதற்கு இரண்டே பேர்தான் இருக்கிறார்கள்: இன்ஜின், பிரேக். இன்ஜினுக்கு ரேடியேட்டர் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, ஆயில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சூட்டை வெளியே தள்ளுவதற்கென்றே கட்டப்பட்ட ஏற்பாடு அது. பிரேக்கிடம் இருப்பது உள்ளங்கை அளவு பேட்களும் டிஸ்க் எனும் ஒரு இரும்புத் தட்டும்தான். வளைவுக்கு வளைவு இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வரும்போது அந்தத் தட்டைக் குளிர்விக்கப் போதிய காற்றும் கிடைக்காது. நியூட்ரல் போட்டவர் இன்ஜினை இந்த வேலையிலிருந்து விடுவித்துவிட்டு, சூடு மொத்தத்தையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார்.

அப்படி இறங்கி வந்த கார்களின் பேட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். ஏற்காடு போகும் வழியில், அஸ்தம்பட்டிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் மெக்கானிக் தம்பி ஒருவர் பேட்டைப் பிடித்திருக்கும் கேலிப்பரைத் தூக்கிவிட்டு பேட்டை என் கையில் கொடுத்தார். "தேஞ்சிருக்கான்னு பாருங்கண்ணா." தேயவில்லை. ஆறேழு மில்லிமீட்டர் கனம் அப்படியே இருந்தது. ஆனால் டிஸ்க்கைக் கவ்வ வேண்டிய முகம் மெருகேற்றிய கடப்பாக்கல் போலப் பளபளத்தது. நகத்தால் கீறினால் நகம்தான் வழுக்கியது. டிஸ்க்கில் ஆங்காங்கே நீலம் பாய்ந்திருந்தது. "பேட் இருக்குது, பிரேக்குதான் இல்ல" என்றார். வண்டிக்காரர் வந்து சொன்ன புகார், பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்கத் தாமதமாகிறது என்பது. கனத்தை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அது இன்னும் பாதி ஆயுள் மீதமுள்ள பேட். உண்மையில் அதன் ஆயுள் மலைப்பாதையிலேயே முடிந்துவிட்டது. எத்தனை கிலோமீட்டர் வந்தது என்ற ஒரே அளவுகோலை வைத்து பேட்டை மதிப்பிடுகிறவர்கள் இந்த ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

சூடு பேட்டோடு நிற்பதில்லை, பிரேக் ஆயிலுக்கும் ஏறுகிறது. டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. டாட் 4 என்றால் 230. ஆனால் இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறியபின் தர அளவின்படி டாட் 3 கொதிக்கும் வரம்பு 140-க்கும், டாட் 4 வரம்பு 155-க்கும் இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவி நசுங்கிப்போகும். பெடல் தரை வரை போகும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். நம் ஊரில் இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்களில் எத்தனை பேர் பிரேக் ஆயிலை மாற்றுகிறார்கள்? வண்டி வாங்கிய நாளில் ஊற்றிய ஆயிலோடு கொல்லிமலை ஏறி இறங்கும் கார்கள் ஏராளம்.

இனி கிளட்ச் கதைக்கு வருவோம். எதிர்த்தரப்பின் மிகப் பெரிய ஆயுதம் இதுதான். கிளட்ச் எப்போது தேயும்? அது வழுக்கும்போது தேயும். பெடலிலிருந்து காலை முழுக்க எடுத்த பிறகு கிளட்ச் தட்டும் இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு சுற்றுகின்றன. அங்கே வழுக்கலே இல்லை. செகண்ட் கியரில் பத்துக் கிலோமீட்டர் இறங்கினாலும் கிளட்ச்சுக்கு வேலை கியர் மாற்றிய அந்தக் கணத்தில் மட்டும்தான். மாறாக, நியூட்ரலில் விட்டு, வளைவில் கியர் போட்டு, மறுபடி நியூட்ரலுக்குத் தள்ளி, மறுபடி கியர் போட்டு வருகிறவர்தான் கிளட்ச்சை ஓயாமல் மிதிக்கிறார். காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அதையே தேய்க்கிறார்.

இன்ஜின் கெட்டுவிடும் என்பதும் காதுக்குப் பழகாத சத்தத்தால் வந்த பயம். செகண்ட் கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது சின்ன பெட்ரோல் காரின் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 முதல் 2,500 சுற்று வரை சுற்றும். அதன் சிவப்புக் கோடு 6,000 பக்கம் இருக்கிறது. நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது இதைவிட வேகமாகச் சுற்றுவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. எண்பதில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஃபர்ஸ்ட் கியருக்குத் தள்ளினால் இன்ஜின் கெடும், அதை யாரும் மறுக்கவில்லை. வேகத்தை முதலில் பிரேக்கால் குறைத்து, பிறகு கியரை இறக்கி, அதே கியரில் நிதானமாக வர வேண்டும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியர் இறங்கியிருக்க வேண்டும். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கு என்று லாரி ஓட்டிய பெரியவர்கள் சொல்லி வந்ததும் இதைத்தான்.

நியூட்ரல் வாதத்துக்கு ஒரு நியாயமான வரலாறு உண்டு. பழைய பெட்ரோல் அம்பாசடர், பத்மினி, மாருதி 800 எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். கியரில் இறங்கும்போதும் அந்த இன்ஜின் சுற்றும் வேகத்துக்கேற்ப பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் நியூட்ரலில் விட்டவருக்கு எரிபொருள் கொஞ்சம் மிஞ்சியது உண்மை. அவரிடம் கற்றுக்கொண்டவர் அதையே நமக்குச் சொல்கிறார். ஆனால் 2000-ஆம் ஆண்டையொட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது புதிய கார்களிலிருந்து கார்புரேட்டர் போய்விட்டது. இன்றைய காரில் இன்ஜெக்டரைத் திறந்து மூடுவது கம்ப்யூட்டர். கியர் விழுந்திருக்கிறது, ஆக்சிலேட்டரில் கால் இல்லை, இன்ஜின் போதிய வேகத்தில் சுற்றுகிறது என்று கண்டால் அது எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் தள்ளினால் அந்த உதவி போய்விடும். இன்ஜின் அணையாமல் இருக்க கம்ப்யூட்டர் மறுபடி எரிபொருளை ஊற்றியாக வேண்டும். சும்மா நின்று ஓடும் சின்ன பெட்ரோல் இன்ஜினே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். அந்தச் செலவுக்கு மேல் பேட்டும் எரிகிறது.

மென்மையான சரிவில், யாரும் குறுக்கே வராத நேர்ச் சாலையில், நியூட்ரலில் விட்டால் வண்டி கியரில் போவதைவிடச் சற்றுத் தூரம் கூடுதலாக உருளும் என்று ஒருவர் வாதாடலாம். கணக்காகப் பார்த்தால் சரிதான். ஆனால் அது பிரேக்கே தேவைப்படாத சரிவுக்கு மட்டும் பொருந்தும். பிரேக்கில் கால் வைக்க வேண்டிய சரிவு என்று வந்துவிட்டால், நியூட்ரலில் மிச்சமாகும் ஒவ்வொரு துளி வேகத்தையும் மறுகணமே பேட்டில் எரிக்கத்தான் போகிறோம்.

இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான். காரின் பிரேக் பெடல் மென்மையாக இருப்பதற்குக் காரணம் இன்ஜின் உண்டாக்கித் தரும் வெற்றிடம். அணைத்தபின் இரண்டு மூன்று மிதிக்கு அது தாங்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துவிடும். லாரியில் ஏர் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசரே நின்றுபோகும்.

லாரி என்றதும் தொப்பூர் நினைவுக்கு வராமல் இருக்காது. தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் அந்தக் கணவாயில், 2020 டிசம்பர் 12 அன்று கட்டுப்பாட்டை இழந்த லாரி ஒன்று நெரிசலில் நின்ற வாகனங்கள் மீது வரிசையாக மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று அதே கணவாயில் மீண்டும் லாரி மோதி நான்கு பேர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனிக் காரணம் இருக்கும். எல்லாவற்றையும் நியூட்ரல் தலையில் போட நான் வரவில்லை. ஆனால் அந்த இறக்கத்தில் நியூட்ரலில் வராதீர்கள் என்று திரும்பத் திரும்ப எச்சரிக்க வேண்டியிருக்கிறதே, ஏன்? அந்தப் பழக்கம் அவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்பதால்தான்.

"அது லாரிக்காரங்க பிரச்சினைங்க, காருக்கு என்ன?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வி எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. மலையிறக்கத்தைப் பற்றி இந்தச் சமவெளியில் அதிகம் தெரிந்தவர்கள் லாரிக்காரர்கள்தான். நாமக்கல்லும் திருச்செங்கோடும் சங்ககிரியும் லாரியால் வளர்ந்த ஊர்கள். டேங்கர் ஓட்டும் அனுபவசாலி டிரைவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். மேட்டின் உச்சியிலேயே கியரை இறக்கி, எக்சாஸ்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கை அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டு இறங்குவதாகச் சொல்வார். டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜின் போல காற்றை அடைக்கும் தடுப்பு இல்லாததால் இறக்கத்தில் வண்டியைப் பிடிக்கும் அதன் பலம் குறைவு. முப்பது நாற்பது டன்னுக்கு அது போதாது. அதனால்தான் லாரிக்கு அந்தப் பலத்தைக் கூட்டும் எக்சாஸ்ட் பிரேக் என்ற தனி ஏற்பாடே வந்தது. இன்ஜினைக் கொண்டு வண்டியைப் பிடிப்பது இன்ஜினுக்குக் கேடு என்றால், அதற்கென்று ஒரு பாகத்தையே செய்து பொருத்துவார்களா? வீட்டுக்கு நாலு லாரி நிற்கும் ஊரில் இருந்துகொண்டு, அந்த அறிவை நம் காருக்கு மட்டும் வேண்டாம் என்கிறோம்.

மலையை விட்டுச் சமவெளிக்கு வந்தால் வேறு கணக்கு. இங்கே பேட்டைத் தின்பது முன் வண்டிக்கு இடைவெளி விடாத ஓட்டம். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நாலு வழிச்சாலையில் மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று வரிசையாக ஊர்கள். சாலையைக் கடக்கும் மொபெட்டுகள், திடீரென்று திரும்பும் டிராக்டர்கள். முன்னால் போகும் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறவர் அது பிரேக் போடும்போதெல்லாம் தானும் போட்டாக வேண்டும். வேகத்தின் இருமடிக்கு ஏற்பச் சூடு ஏறும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எண்பதிலிருந்து நிறுத்தினால் நாற்பதிலிருந்து நிறுத்துவதைப்போல நான்கு மடங்குச் சூடு. ராசம்பாளையம் சுங்கச்சாவடி தூரத்தில் தெரிந்ததும் ஆக்சிலேட்டரை விட்டு, கியரிலேயே வைத்து, நூறிலிருந்து எழுபதுக்குத் தானாக இறங்க விட்டு அதன்பிறகு பிரேக்கைத் தொடுகிறவர், சாவடி வரை விரட்டிப் போய் மிதிக்கிறவர் எரிப்பதில் பாதியைத்தான் எரிக்கிறார். அவர் வந்து சேரும் நேரம் சில நொடிகளுக்கு மேல் மாறாது. ஒரே மாதிரி காரில் ஒருவருக்கு பேட் 30,000 கிலோமீட்டரில் முடிவதும் இன்னொருவருக்கு 60,000 தாண்டுவதும் பெரும்பாலும் இந்தக் காலின் வித்தியாசம்.

"கெட்டியான பேட்" கேட்டு வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடினமான பேட் மெதுவாகத் தேயும், உண்மை. ஆனால் உராயும் இரண்டில் ஒன்று தேய்ந்தே தீரும். பேட் தேயாவிட்டால் டிஸ்க் தேயும். டிஸ்க்கின் விலை பேட்டைவிட அதிகம். அதற்குக் குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று அதன் மேலேயே பொறித்திருக்கும், அதற்குக் கீழே போனால் மாற்றியாக வேண்டும். போதாக்குறைக்கு மலிவான கடின பேட் குளிர்ந்த நிலையில் சரியாகக் கவ்வாது. தேயாத பேட் என்ற ஆசையை விட்டுவிட்டு, வண்டிக் கம்பெனி சொன்ன தரத்தில் வாங்கி, புதிதாகப் போட்ட முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு ஓங்கி மிதிக்காமல் டிஸ்க்கோடு படிய விட்டால் போதும்.

பேட்டின் ஆயுளைத் திருடும் இன்னொன்று யார் கண்ணிலும் படுவதில்லை. கேலிப்பர் இரண்டு பின்களின் மீது வழுக்கி நகர்ந்துதான் பேட்டை அழுத்தவும் விடவும் செய்கிறது. பின்னின் ரப்பர் உறை கிழிந்து, செம்மண் தூசியும் மழைநீரும் புகுந்து கிரீஸ் காய்ந்துவிட்டால் கேலிப்பர் நகராது, ஜாம் ஆகிவிடும். பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். கழற்றிப் பார்த்தால் ஒரே சக்கரத்தில் உள் பேட் இரண்டு மில்லிமீட்டர், வெளிப் பேட் ஏழு மில்லிமீட்டர் என்று இருக்கும். வண்டிக்காரர் பேட் கம்பெனியைத் திட்டிவிட்டு நாலு பேட்டையும் மாற்றுவார். பின்னை யாரும் தொட மாட்டார்கள். ஆறு மாதத்தில் திரும்ப வருவார். சர்வீசின்போது பின்களைக் கழற்றித் துடைத்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் தடவிப் போட அரை மணி நேர வேலை. இதைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டி வந்து நிறுத்தியதும் ஒரு சக்கரத்துப் பக்கம் மட்டும் அனல் அடிக்கிறதா என்று கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாலே தெரிந்துவிடும். டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் கார்க்காரர்கள், "எங்களுக்குத்தான் கியரே இல்லையே" என்பார்கள். இருக்கிறது. லீவரில் எல் என்றோ 2 என்றோ எம் என்றோ ஒரு இடம் இருக்கும். மலையிறக்கத்தில் கைகொடுப்பது அது. டி-யிலேயே விட்டால் கியர் பெட்டி பெரும்பாலும் மேல் கியருக்குப் போய்விடும். மின்சாரக் காரில் மோட்டாரே வண்டியைப் பிடித்து, அந்த ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஆனால் ஏற்காட்டில் தங்கி பேட்டரியை நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் அந்த ஆற்றலை வைக்க இடம் இருக்காது. முதல் சில வளைவுகளில் மோட்டார் பிடிக்காது, பிரேக்கே எல்லாம் செய்ய வேண்டியிருக்கும். கொஞ்சம் காலியாக வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு நான் குறை சொல்வது வண்டிக்காரரை அல்ல, அவருக்குக் கற்றுக்கொடுத்தவரை. நம் ஊர் டிரைவிங் ஸ்கூல்களில் கார் பழகுவது சமதரையில். லைசென்ஸ் டெஸ்ட்டும் பெரும்பாலும் சமதரையில். கியரை மேலே ஏற்றுவதைச் சொல்லித் தருகிறார்கள். வேகத்தைப் பிடிக்கக் கியரை இறக்குவதைச் சொல்லித் தருவதில்லை. லைசென்ஸ் வாங்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அந்தப் பிள்ளை நண்பர்களோடு ஏற்காடு போகிறது, யாரோ சொன்ன நியூட்ரல் யோசனையோடு இறங்குகிறது. சேலத்து டிரைவிங் ஸ்கூல்களுக்கு ஏற்காடு அடிவாரம் கூப்பிடு தூரம். ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்தவர்களுக்குக் கொல்லிமலை அடிவாரத்திலுள்ள காரவள்ளி பக்கம்தான். வார நாளில் கூட்டமில்லாத காலை வேளையில், பயிற்சியின் கடைசி வகுப்பாக, ஐந்தாறு வளைவு ஏறி, திரும்பி, செகண்ட் கியரில் பெடலை அடிக்கடி தொடாமல் இறங்க வைக்கட்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் அதைக் கட்டாயமாக்கட்டும். அதற்கு ஆகும் பெட்ரோல் ஒரு சில லிட்டர்தான். கட்டணத்தில் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும், எந்தப் பெற்றோரும் மறுக்கமாட்டார்கள்.